வலிய வந்த நண்பர்கள்: மெந்தால் சிகரெட்டும் கறுப்பின அமெரிக்கரும்



பொது நலவாழ்வு பற்றிய இந்த ஆண்டு உரைக்குப் புகையிலையை எடுத்துக்கொள்கிறேன் என்றபோது சிலர் யோசித்திருப்பீர்கள். புகை பிடிப்பது கேடு என்பதைத் திரையரங்கில் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்களே, அதற்கு ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு தேவையா என்று. நியாயமான கேள்விதான். அந்தக் கேட்டைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. ஒரு குறிப்பிட்ட வகைச் சிகரெட் ஒரு குறிப்பிட்ட மக்களுடைய சிகரெட்டாக எப்படி ஆனது, அந்த மக்களின் நெடுநாள் குறைகளையே முதலாக வைத்து ஒரு தொழில் எப்படிச் செழித்தது என்பதே இன்றைய பொருள். அந்த மக்கள் அமெரிக்காவின் கறுப்பின மக்கள். அந்தச் சிகரெட் மெந்தால்.

பிலடெல்பியாவிலிருந்து தொடங்கலாம். 1989 டிசம்பரில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் 'அப்டவுன்' என்ற புதிய மெந்தால் சிகரெட்டை அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில் வெள்ளோட்டம் விடுவதாகத் திட்டம். கறுப்பின நுகர்வோரை மனத்தில் வைத்தே இதைத் தயாரித்திருக்கிறோம் என்று நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அது குற்றம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சாதாரணச் சிகரெட் பெட்டியைத் திறந்தால் ஃபில்டர் முனை மேலே தெரியும். அப்டவுன் பெட்டியில் சிகரெட்டுகளைத் தலைகீழாக அடுக்கியிருந்தார்கள். ஃபில்டர் அடியில் இருந்தது. கறுப்பினப் புகைப்பாளர் பலர் பெட்டியை அடிப்பக்கம் பிரித்து எடுக்கிறார்கள் என்று சந்தை ஆய்வில் கண்டிருந்ததுதான் காரணம். வாயில் வைக்கிற முனையை விரல் தொடாமல் எடுக்கலாம் அல்லவா? வேலைத்தளத்தில் கையில் அழுக்கோடு நிற்கிற ஒருவர் அப்படித்தான் செய்வார். ஒரு சமூகத்து மனிதர் பெட்டியை எப்படிப் பிரிக்கிறார் என்பதுவரை உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். அதே காலத்தில் அதே மனிதரின் இரத்த அழுத்தத்தை, அவர் பிள்ளையின் ஆஸ்துமாவை இவ்வளவு பொறுமையாகக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? என் உரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வரப்போகிறது.

பிலடெல்பியா மக்கள் சும்மா இருக்கவில்லை. ஜெஸ்ஸி பிரவுன் என்ற போதகர் முன்னின்றார். தேவாலயங்களும் அக்கம்பக்கச் சங்கங்களும் நலவாழ்வு ஊழியர்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தார்கள். 1990 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் சுகாதாரத் துறைச் செயலர் லூயிஸ் சலிவன் அதே நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேசினார். அவரும் கறுப்பினத்தவர், மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவராக இருந்தவர், குடியரசுக் கட்சி அரசின் அமைச்சர். சிகரெட் நிறுவனம் ஒன்றைப் பெயர் சொல்லி, அதன் விற்பனைத் திட்டத்தைக் கைவிடும்படி ஓர் அமைச்சர் பொதுமேடையில் கேட்டது அந்த நாட்டுக்குப் புதிது. மறுநாளே நிறுவனம் பின்வாங்கியது. அப்டவுன் கடைக்கு வரவே இல்லை.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அப்டவுன் வராமல் போன அந்த வாரத்தில் பிலடெல்பியாவின் மூலைக்கடைகளில் கூல், சேலம், நியூபோர்ட் என்ற மெந்தால் சிகரெட்டுகள் மூன்றும் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தன. சொல்லாமல் செய்து வந்ததை ரெனால்ட்ஸ் சொல்லிச் செய்தது, அதனால் அகப்பட்டுக்கொண்டது. மற்றபடி கறுப்பினத்தவரை மெந்தாலுக்குத் திருப்பும் வேலை முடிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அது முடிந்த விதத்தைப் பார்க்கலாம். சிகரெட்டில் மெந்தால் சேர்க்கும் யோசனை 1920-களில் ஒஹையோ மாநிலத்து லாயிட் ஹியூஸ் என்பவருக்கு வந்தது, காப்புரிமையும் பெற்றார். 1933-இல் பிரவுன் அண்டு வில்லியம்சன் நிறுவனம் கூல் சிகரெட்டைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இது யாருக்கும் உரிய சிகரெட்டாக இல்லை. சளி பிடித்தவர்கள், தொண்டை கரகரப்பவர்கள் ஒரு மாறுதலுக்காகப் பிடிக்கும் மருந்துச் சிகரெட் போலத்தான் விற்றது. 1953-இல் பிலிப் மோரிஸ் நிறுவனத்துக்காக எடுத்த கணக்கெடுப்பில் வெள்ளைப் புகைப்பாளரில் 2 விழுக்காட்டினரும் கறுப்பினப் புகைப்பாளரில் 5 விழுக்காட்டினரும் கூல் பிடித்தார்கள். இரண்டுமே சிறிய எண்கள்தாம். ஆனால் வியாபாரியின் கண் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நின்றது. இன்று கறுப்பினப் புகைப்பாளரில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் மெந்தால்தான் பிடிக்கிறார்கள். வெள்ளையரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். "அது அவங்க டேஸ்ட்" என்று தோளைக் குலுக்குகிறவர்களிடம் இந்த 5 என்ற எண்ணை நினைவூட்டினால் போதும். நாக்கின் ருசி ஓர் இனத்துக்குள் ஒரே தலைமுறையில் தானாக இப்படித் திரும்பாது.

திருப்பியதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1964-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் முடிச்சுப் போட்டது. இளைஞரைக் குறிவைக்கிறீர்கள் என்ற கண்டனம் எழுந்தது. கல்லூரி வளாகங்களிலிருந்து கை எடுக்க வேண்டிய நிறுவனங்கள் வேறு சந்தை தேடின. 1971 ஜனவரியில் வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களும் நின்றன. அந்தப் பணம் எங்கே போகும்? நகரத்தின் ஏழைப் பகுதிகளில் விளம்பரப் பலகைகளாக முளைத்தது. 'எபனி', 'ஜெட்' போன்ற கறுப்பின இதழ்களின் வழவழப்பான பக்கங்களுக்குப் போனது. 1970-களின் நடுவிலிருந்து கூல் பெயரில் ஜாஸ் இசை விழாக்கள் நடந்தன. ஒரு பக்கம் பொதுநலச் சட்டம் அடைத்த ஓட்டை இன்னொரு பக்கம் திறந்துகொண்டது; திறந்த இடம் கறுப்பினத்தவர் செறிந்து வாழும் ஹார்லமும் சிகாகோவின் தென்பகுதியுமாக இருந்ததால் சட்டமியற்றியவர்கள் கண்ணில் அது படவில்லை. கீத் வைலூ என்ற வரலாற்றாசிரியர் 2021-இல் வெளியிட்ட 'புஷ்ஷிங் கூல்' இந்த இடப்பெயர்ச்சியை நிறுவனங்களின் சொந்த ஆவணங்களைக் கொண்டே விளக்குகிறது. வாய்ப்புள்ளவர்கள் படியுங்கள்.

அந்த ஆவணங்கள் நமக்குக் கிடைத்ததே வழக்குகளால்தான். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இலட்சக்கணக்கான உள்குறிப்புகள் இன்று யாரும் படிக்கத் திறந்து கிடக்கின்றன. எந்த வட்டாரத்தில் எந்தக் கடைக்கு எவ்வளவு தள்ளுபடி, எந்தத் தெரு முனையில் இலவசச் சிகரெட் வண்டி நிற்கும் என்றெல்லாம் அலுவலக மொழியில், உணர்ச்சியே இல்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இலவச வண்டி என்றேன். அதைச் சற்று விளக்க வேண்டும். பாஸ்டனில் ராக்ஸ்பரி என்ற பகுதி. அங்கே ஆர்ச்சர்ட் பார்க் என்று ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பு. 1950-களின் இறுதியில் லோரிலார்ட் நிறுவனம் தன் புதிய நியூபோர்ட் சிகரெட்டை அந்தக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில் வைத்து இலவசமாகக் கொடுத்தது. வாங்கியவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. முதலில் அவளுக்கு அது சிகரெட்டாகவே படவில்லை. அக்காள்களிடம் கொடுத்து மிட்டாய்க்கு மாற்றிக்கொண்டாள். பதின்மூன்று வயதில் தானே பற்றவைத்தாள். ஐம்பத்து நான்காம் வயதில், 2002-இல், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். இறப்பதற்கு முன் வழக்குக்காகக் கேமரா முன்னிலையில் அவரே கொடுத்த வாக்குமூலம் இது. மகன் வழக்கை நடத்தினார். 2010-இல் நடுவர் குழு 15 கோடி டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது. 2013-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தண்டத் தொகையை நீக்கி, 3.5 கோடி டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை என்று நிறுவனம் கடைசிவரை வாதாடியது. திடலுக்குப் பக்கத்தில் நின்ற வண்டிக்கு யார் வருவார்கள் என்று நினைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

அந்த நியூபோர்ட் இன்று அமெரிக்காவில் அதிகம் விற்கும் மெந்தால் சிகரெட். 2015-இல் லோரிலார்டை ரெனால்ட்ஸ் வாங்கியது. 2017-இல் ரெனால்ட்ஸை பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ முழுமையாக வாங்கியது. நம் நாட்டு ஐ.டி.சி.யின் மிகப் பெரிய பங்குதாரரும் அதே பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோதான் என்பதை வழியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மெந்தால் உடலில் என்ன செய்கிறது? தலைவலித் தைலத்தை நெற்றியில் தடவினால் சில்லென்கிறது. நெற்றியின் வெப்பம் குறைந்துவிடவில்லை, குளிரை உணரும் நரம்பு முனை ஏமாந்திருக்கிறது, அவ்வளவுதான். தொண்டையிலும் அதே ஏமாற்று. முதல் சிகரெட்டில் வர வேண்டிய இருமலும் எரிச்சலும் மழுங்கிப் போகின்றன. அந்த எரிச்சல்தான் பல பிள்ளைகளை இரண்டாவது சிகரெட்டிலிருந்து காப்பாற்றுகிறது. மெந்தாலில் அந்தக் காவல் இல்லை. இழுப்பது எளிது, நிகோடின் உடலை விட்டு வெளியேறும் வேகத்தையும் மெந்தால் குறைக்கிறது, விடுவது கடினம்.

ஒரு புதிர் இருக்கிறது, மருத்துவ மாணவர்கள் இதை விரும்புவார்கள். கறுப்பின அமெரிக்கர் சராசரியாக வெள்ளையரைவிடத் தாமதமாகப் புகைக்கத் தொடங்குகிறார்கள். நாளொன்றுக்குக் குறைவாகப் பிடிக்கிறார்கள். விட்டுவிட அதிக முறை முயல்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் புகையால் வரும் நோய்களில் அதிகம் சாகிறவர்கள் அவர்களே. ஆண்டுக்குச் சுமார் 45,000 பேர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. புதிரின் ஒரு பாதி மெந்தால். மறு பாதிக்கு மெந்தாலைக் குறை சொல்லிப் பயனில்லை: காப்பீடு இல்லை, பக்கத்தில் நல்ல மருத்துவமனை இல்லை, நோய் முற்றியபின் கண்டுபிடிப்பு, புகை விட உதவும் மருந்தை மருத்துவர் எழுதித் தருவதும் குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 1980 முதல் 2018 வரை மெந்தால் சிகரெட்டால் மட்டும் கூடுதலாக நேர்ந்த அகால மரணங்களில் கறுப்பினத்தவர் 1,57,000 பேர். மக்கள்தொகையில் 12 விழுக்காடாக உள்ளவர்கள் அந்த மரணங்களில் 41 விழுக்காட்டைச் சுமந்தார்கள்.

இங்கே ஒரு சங்கடமான பகுதிக்கு வருகிறேன். ஏமாற்றினார்கள், ஏமாந்தார்கள் என்று கதையை இரண்டு சொல்லில் முடித்துவிட முடியாது. இந்த நிறுவனங்களை அந்த மக்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1956-இல் தென்மாநிலங்களின் வெள்ளை இனவாதக் குழுக்கள் பிலிப் மோரிஸ் சிகரெட்டைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தன. கறுப்பின அமைப்பான அர்பன் லீகுக்கு நன்கொடை கொடுத்ததே அந்த நிறுவனம் செய்த குற்றம்! மற்ற முதலாளிகள் கறுப்பினத்தவரை வாசலில் நிறுத்தியபோது சிகரெட் நிறுவனங்கள் அவர்களை விற்பனையாளராக எடுத்தன. பிற விளம்பரதாரர்கள் திரும்பிப் பாராத கறுப்பின இதழ்களுக்கு விளம்பரம் கொடுத்தன. கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., கறுப்பினக் கல்லூரிகளுக்கான நிதியம், ஆல்வின் எய்லியின் நடனக் குழு எனக் கொடைகள் போயின. உங்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டியவனை உங்கள் தேவாலயத்தில் எப்படித் திட்டுவீர்கள்?

வலிய வந்து தோளில் கைபோட்ட இந்த நண்பர்களுக்குப் பழைய முகம் ஒன்றும் உண்டு. வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களை அடிமைகள் உழைத்து வளர்த்த கதை உங்களுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1943 ஜூன். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் ரெனால்ட்ஸ் ஆலை. சிகரெட் இயந்திரங்கள் ஓடும் அறைகள் வெள்ளையருக்கு. புழுதியும் புழுக்கமுமான அறைகளில் இலையிலிருந்து காம்பை உரித்தெடுக்கும் வேலை கறுப்பினப் பெண்களுக்கு. ஒரு நாள் ஒரு தொழிலாளி ஆலைக்குள்ளேயே சுருண்டு விழுந்து இறந்தார். பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். தியோடோசியா சிம்சன் என்ற இளம்பெண் முன்னின்றார். அந்த உள்ளிருப்புப் போராட்டத்திலிருந்து 'லோக்கல் 22' என்ற தொழிற்சங்கம் பிறந்தது. நகரத்தின் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகவும் ஆக்கியது. 1950-க்குள் நிறுவனம் சங்கத்தை ஒழித்தது. ஆலைக்குள் சங்கம் வைத்த கறுப்பினத்தவர் வேண்டாதவர். ஆலைக்கு வெளியே பெட்டி வாங்கும் கறுப்பினத்தவர் மதிப்புக்குரிய வாடிக்கையாளர். கொடைப் பட்டியலைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனிச் சட்டம். 2009 ஜூனில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் சிகரெட்டில் பழம், சாக்லேட், கிராம்பு முதலிய சுவைகளைத் தடை செய்தது. ஒரே ஒரு சுவைக்கு விலக்கு: மெந்தால். பிலிப் மோரிஸ் அந்த மசோதாவை ஆதரித்தது. விலக்கு இல்லாவிட்டால் மசோதாவே நிறைவேறாது என்று பேரம். பிள்ளைகளைச் சுவை காட்டி இழுக்கிறார்கள் என்பதற்காக வந்த சட்டத்தில், கறுப்பினப் பிள்ளைகளை இழுக்கும் சுவை மட்டும் பத்திரமாக இருந்தது. லூயிஸ் சலிவன் உள்ளிட்ட முன்னாள் சுகாதாரச் செயலர்கள் எழுவர் முன்கூட்டியே இதைக் கண்டித்தும் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த அநீதியைச் சட்டப்படி முதலில் நிரூபித்தது இந்தோனேசியா! கிராம்புச் சிகரெட் அந்த நாட்டு ஏற்றுமதி. எங்கள் கிராம்புக்குத் தடை, உங்கள் உள்ளூர் மெந்தாலுக்கு அனுமதியா என்று உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2012-இல் வென்றது. வர்த்தகத்தில் பாகுபாடு என்றால் கேட்க ஒரு மன்றம் இருந்தது. நுரையீரலில் பாகுபாடு என்றால் கேட்க அப்படி ஒரு மன்றம் இல்லை.

மெந்தாலை நீக்கினால் மக்கள் நலனுக்கு நன்மை என்று 2011-இல் அரசின் அறிவியல் ஆலோசனைக் குழு சொன்னது. உணவு மருந்து நிர்வாகம் அசையவில்லை. 2020-இல் கறுப்பினப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் தலைவர்களின் அமைப்பு வழக்குப் போட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. 2022 ஏப்ரலில் தடை வரைவு வந்தது. 2024 ஏப்ரலில், தேர்தல் ஆண்டில், பைடன் அரசு அதைத் தள்ளி வைத்தது.

தள்ளி வைக்கச் சொன்ன காரணம் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. 2014 ஜூலையில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் எரிக் கார்னர் என்பவர், உதிரிச் சிகரெட் விற்றார் என்ற பேரில் போலீஸ் பிடித்து அமுக்க, மூச்சுத் திணறி இறந்தார். நம் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்குவது பெரிய விஷயமில்லை. அங்கே அது ஓர் உயிரை எடுத்தது. மெந்தாலைத் தடை செய்தால் கள்ளச் சந்தை வரும், கள்ளச் சந்தை வந்தால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் எங்கள் பிள்ளைகள் சாவார்கள் என்று கறுப்பினத் தலைவர்கள் சிலர் பேசினார்கள். கார்னரின் தாயாரும் அந்தப் பக்கம் நின்றார். அவர் அச்சத்தை யார் பொய் என்பது?

ஆனால் அந்த மேடைகளுக்கு வாடகை கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும். தடையை எதிர்த்த கறுப்பின உரிமைத் தலைவர் ஆல் ஷார்ப்டனின் நேஷனல் ஆக்‌ஷன் நெட்வொர்க், ரெனால்ட்ஸ் கொடுத்த நிதியைப் பெற்று வந்தது. அதனால் என் கருத்து மாறவில்லை என்றார் அவர். அரசின் வரைவோ சிகரெட் தயாரிப்பவரையும் விற்பவரையும்தான் கட்டுப்படுத்தியது. சட்டைப்பையில் வைத்திருப்பவரைத் தண்டிக்க அதில் இடமில்லை. என்.ஏ.ஏ.சி.பி.யோ 2016-லேயே மெந்தால் கட்டுப்பாட்டை ஆதரித்துத் தீர்மானம் போட்டுவிட்டது. என் முடிவைச் சொல்கிறேன்: போலீஸ் மீதான அச்சம் உண்மை. அந்த உண்மையை வாடகைக்கு எடுத்தது மெந்தால் வியாபாரம். முன்பு புறக்கணிப்பின் வலியை விளம்பரமாக்கினார்கள். பிறகு போலீஸ் வன்முறையின் வலியை வாதமாக்கினார்கள்.

தடை பயன்தருமா என்ற ஐயத்துக்குக் கனடா பதில் சொல்லியிருக்கிறது. 2017-இல் அங்கே நாடு முழுவதும் மெந்தால் நின்றது. அதன் விளைவை அளந்த ஜெஃப்ரி ஃபாங் குழுவினர், அதையே அமெரிக்காவுக்குப் பொருத்தினால் 13 இலட்சம் பேர் புகையை விடுவார்கள், அவர்களில் 3,81,000 பேர் கறுப்பினத்தவர் என்று கணக்கிட்டார்கள்.

மாநிலங்கள் வாஷிங்டனுக்காகக் காத்திருக்கவில்லை. மாசசூசெட்ஸ் 2020-இல் தடை செய்தது. கலிபோர்னியாவில் 2020-இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து நிறுவனங்கள் மக்கள் வாக்கெடுப்பு வரை போயின. 2022 நவம்பரில் வாக்காளர்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். டிசம்பரில் தடை அமலானது. உடனே கடைகளில் 'மெந்தால் அல்லாத' நியூபோர்ட் வந்தது. மெந்தால் இல்லை, உண்மைதான். புதினா மணம் இல்லாமல் தொண்டையைக் குளிர்விக்கும் செயற்கைப் பொருள் இருந்தது. பிலடெல்பியாவுக்காகப் பெட்டியில் சிகரெட்டைத் தலைகீழாக அடுக்கிய அதே மூளை முப்பது ஆண்டு கழித்தும் சுறுசுறுப்பாக வேலை செய்தது! கலிபோர்னியா மறுபடி சட்டத்தைத் திருத்தி, குளிர்ச்சி உணர்வு தரும் எதையும் சுவையாகவே கருத வேண்டும் என்று எழுத வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தம் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஜனவரி 21 அன்று, புதிய ஆட்சி பதவியேற்ற மறுநாள், தேசிய அளவிலான தடை வரைவு திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே வேலை மீண்டும் நகராட்சிகளுக்கும் தேவாலயங்களுக்கும் வந்துவிட்டது. ஆண்டுக்கொரு ஞாயிறு 'மெந்தால் இல்லா ஞாயிறு' என்று கறுப்பினத் தேவாலயங்கள் கடைப்பிடிக்கின்றன. மேடையில் பிரசங்கம், வெளியே புகை விட விரும்புகிறவர்களுக்கு உதவி எண்ணும் மருந்தும் பற்றிய தகவல். நிறுவனங்களின் கொடையை வாங்காத சபைகள் எவை, வாங்கும் சபைகள் எவை என்று அந்த வட்டாரங்களில் இப்போது வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள்.